ஹார்லன் நின்ற பக்கம்

ஹார்லன் டீக் என்று எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் முகம் மாறும். சிரிக்கும்போது அவர்கள் நினைப்பது பழைய ஹார்லனை. முகம் மாறுவது அந்தக் கொள்ளைநோய் வருஷத்து ஹார்லனை நினைத்து.

முப்பது வருஷம் ரொட்டி வண்டி ஓட்டிய மனிதன். எங்கள் கேட்லின் ஊரில் எந்தக் கடைக்குப் பன் வேண்டுமென்றாலும் அவன் வண்டிதான் வர வேண்டும். என் கடைக்கும் அப்படித்தான். பன்றிக் கறியை விறகுப் புகையில் நாள் முழுக்க வாட்டி, பிய்த்து, பன்னுக்குள் திணித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பன் வராவிட்டால் என் கடை இல்லை. அதனால் தினமும் அவன் முகத்தில் விழித்தேன், தினமும் சண்டை போட்டேன்.

"நேத்து வந்த பன்னு செங்கல்லு மாதிரி இருந்துச்சுடா."

"உன் கறிக்கு அது போதும், ராஸ்கோ."

இப்படித்தான் எங்கள் நட்பு. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் வந்து உட்கார்ந்துகொள்வான். என் காபியைக் குடித்துவிட்டு என் காபியையே திட்டுவான்.

அவனுக்கு உலகத்தில் இரண்டே விஷயம். ஒன்று, அவன் பெண்டாட்டி நாடீன். இன்னொன்று, கேட்லின் கல்லூரியின் ஃபுட்பால் அணி. இதில் எது முதல் என்று நாடீனே அவனைக் கேட்டிருக்கிறாள். அவன் யோசித்தான். யோசித்ததற்காக ஒரு வாரம் சோறு ஆக்கவில்லை அவள்.

அலபாமாவில் ஃபுட்பால் பிடிக்காதவன் இருக்கலாம். நான் பார்த்ததில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் மேல் ஒருவன் விழுந்து ஓடுகிற அந்த ஆட்டத்துக்காக எங்கள் ஊரில் கல்யாணத் தேதியை மாற்றுவார்கள். சனிக்கிழமை ஆட்டம் என்றால், அன்று காலை 'சனிக்கிழமை மேடை' என்று ஒரு டிவி நிகழ்ச்சி. வாரம் ஒரு கல்லூரிக்கு லாரிகளோடு வந்து இறங்குவார்கள். புல்வெளியில் மேடை போட்டு, மேசைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து, இன்றைக்கு எவன் ஜெயிப்பான், எவன் மண்ணைக் கவ்வுவான் என்று காலை முழுக்கப் பேசுவார்கள். அவர்களுக்கு முதுகுப் பக்கம் ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும். ஆளுக்கொரு அட்டையில் எதிரணியைக் கிண்டலடித்து எழுதி, கேமராவுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தும். அந்தக் கூட்டம்தான் நிகழ்ச்சியே. பேசுகிறவர்கள் பேசுவதை யார் கேட்டார்கள்?

வண்டியில் போய்வரக்கூடிய தூரத்தில் அந்த மேடை எங்கே வந்தாலும் ஹார்லன் அங்கே இருப்பான். பச்சைச் சட்டை, கையில் அட்டை. 'டன்மோர்க்காரன் ரொட்டியை வீசிவிட்டு உறையைத் தின்பான்' என்று ஒருமுறை எழுதினான். டன்மோர் எங்கள் பரம எதிரி, மஞ்சள் சட்டைக்காரர்கள். அந்த அட்டையைப் பற்றி மேடையில் உட்காரும் நாலு பேரில் ஒருவரான கிழட்டுக் கோச்சே சிரித்துச் சொன்னார். ஹார்லன் அதை ஒரு பட்டம் வாங்கியது போல் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாடீன் கூடப் போக மாட்டாள். "நெரிசல்ல நின்னு முட்டிக்க நான் என்ன ஆடா?" என்பாள். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, அந்தப் பச்சைக் கடலுக்குள் அவனைத் தேடுவாள். அவன் அட்டையின் மூலையில் எப்போதும் ஒரு சின்னப் பன் வரைந்திருப்பான். அவளுக்காக. கேமரா தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டுவான். அதுவும் அவளுக்காகத்தான். உடனே எனக்கு போன் வரும்: "ராஸ்கோ, பாத்தியா என் ஆளை? எப்படி நிக்கிறான் பாரு, திருவிழாவுல தொலஞ்ச கழுதை மாதிரி!" அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

பிறகு நாடீனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சில் முக்கால்வாசி போயிற்று. கெட்ட வார்த்தைகள் மட்டும் முழுசாகத் தப்பித்தன. டாக்டர் இது சகஜம் என்றார். ஹார்லனுக்கு அதில் ஒரு ஆறுதல். "அவ அவளாத்தான் இருக்கா" என்றான். வீட்டில் வைத்துப் பார்க்க அவனால் முடியாமல் போனபோது, ஊர் எல்லையில் இருந்த பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தான். தினமும் மதியம் போய் ஊட்டிவிடுவான். சனிக்கிழமை காலைகளில் அவளோடு உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பான். நாள் முழுக்க எங்கோ இருப்பவள், அந்த இசை ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்காருவாள். மஞ்சள் சட்டையைக் கண்டால் திட்டுவாள். பச்சையைக் கண்டால் எங்கள் ஆந்தைக் கூச்சலைப் போடுவாள்; ஆந்தைதான் எங்கள் அணியின் சின்னம். ஹூ-ஹூ என்று அந்தக் கட்டிடமே அதிரும்.

அப்புறம் அந்தக் கொள்ளைநோய் வந்தது. இல்லத்தின் கதவை மூடினார்கள். யாருக்கும் அனுமதி இல்லை.

ஹார்லன் என்னவெல்லாமோ செய்து பார்த்தான். அவள் அறை மாடியில். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பச்சைக் கொடியை ஆட்டினான். அவள் ஜன்னலில் வந்து பார்த்துவிட்டு, செடி வெட்ட வந்தவன் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள். போனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு செய்தார்கள். அவளைக் கவனித்துக்கொண்ட லடோனியா என்ற பெண் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால், நாடீன் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவாள். உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் இருக்கிற மனிதனை அவள் நம்பவில்லை. அவள் நம்பியது டிவியை மட்டும்தான்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சிருக்காளோ என்னமோ" என்றான் ஒருநாள்.

"வாய மூடுடா."

"இல்ல, விட்டுட்டு ஓடிட்டேன்னு. அது இன்னும் மோசம்."

நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். என் கடையும் அப்போது பாதிக் கடைதான். உள்ளே நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் செய்தி வந்தது. டன்மோர் ஆட்டத்துக்கு 'சனிக்கிழமை மேடை' எங்கள் ஊருக்கே வருகிறது. வேறொரு வருஷமாக இருந்தால் ஊர் தலைகீழாக நின்றிருக்கும். இந்த முறை கூட்டம் கிடையாது. புல்வெளியைச் சுற்றி வேலி. உள்ளே மேடை, நாலு பேர், கேமரா. அவ்வளவுதான். யாருமே இல்லாத புல்வெளிக்கு எதற்குடா லாரி கட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று நான் கத்தினேன். வீட்டில் உட்கார்ந்து பேசித் தொலைய வேண்டியதுதானே.

ஆனால் மேடைக்குப் பின்னால் வெறுமையாக இருந்தால் டிவியில் நன்றாக இருக்காதாம். அதனால் ஆள் உயர அட்டைப் படங்களை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் போட்டோ அனுப்பலாம். ஹார்லன் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினான்.

"ராஸ்கோ, அவ என்னப் பாப்பாடா. டிவியில பாப்பா."

"அட்டைய பாப்பா."

"அட்டைன்னா என்ன? மூஞ்சி என் மூஞ்சிதானே?"

மறுநாளே போட்டோவோடு வந்தான். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் போட்டிருந்தது மஞ்சள் சட்டை.

இதை வெளியூர்க்காரனுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் கல்லூரியின் நூறாவது ஆண்டில், பழைய காலத்துச் சட்டை என்று அணிக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பொன்மஞ்சளில் தைத்துக் கொடுத்தார்கள். டன்மோர்க்காரன் நிறத்தை நம் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டானே என்று ஊரே கல்லூரித் தலைவரைக் கிழித்தது. அந்த ஆட்டத்தைக் கடைசி உதையில் ஜெயித்தோம். அதே சட்டையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு கேலரியில் குதித்த ஹார்லன் மேல், பக்கத்தில் குதித்த ஒரு பெண் தன் கோலாவை முழுசாகக் கொட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை, "வழியில நின்னா அப்படித்தான்" என்றாள். அதுதான் நாடீன். நெஞ்சில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. துவைக்க விடவே மாட்டான்.

"டேய், மஞ்சளாடா? டன்மோர் ஆட்டத்தன்னிக்கா?"

"இது எந்தச் சட்டைன்னு இந்த ஊர்ல எவனுக்குத் தெரியாது? சட்டைக் கையில நம்ம ஆந்தை இருக்கு பாரு."

"தொலைவுல ஆந்தை தெரியாது."

"அவளுக்குக் கறை தெரியும்டா. வேற எதுல நான் நின்னாலும் ஆயிரத்துல ஒருத்தன். இதுல நின்னா நான் மட்டும்தான். பச்சைக்கு நடுவுல ஒரே ஒரு மஞ்சள், எப்படித் தப்பும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பச்சைக்கு நடுவில் நின்றால்.

லடோனியாவிடம் போனில் சொல்லி வைத்தான். அவளும் நல்ல பெண். "மிஸ் நாடீன்கிட்ட தெனமும் சொல்றேன் சார். சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் டிவியில வர்றாருன்னு. நேத்து நான் சொன்னப்ப கையப் புடிச்சுக்கிட்டாங்க" என்றாள். ஹார்லன் போனை வைத்துவிட்டு வெளியே போய் என் விறகுக் குவியல் பக்கம் திரும்பி நின்றான். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. என் கடைக்குள் கவிழ்த்திருந்த இரண்டு நாற்காலிகளை இறக்கிப் போட்டு, டிவி முன்னால் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். ஹார்லன் முகம் மழித்து, தலைவாரி, தொப்பி மாட்டி, கையில் போனோடு வந்திருந்தான். அந்த முனையில் லடோனியா. இசை ஆரம்பித்தது. போனில் நாடீனின் குரல் கேட்டது: "ஹூ-ஹூ!" ஹார்லன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தான்.

கேமரா மேடையைக் காட்டியது. பின்னால் அட்டை மனிதர்கள். இடது பக்கம் முழுக்கப் பச்சை. வலது பக்கம் முழுக்க மஞ்சள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாரோ நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். ஹார்லன் வலது பக்கம் நின்றான். முதல் வரிசை, கிழட்டுக் கோச்சின் தோளுக்கு நேர் மேலே. அந்த மேடையில் அதைவிட நல்ல இடம் கிடையாது. வாழ்நாள் முழுக்க முட்டி மோதியும் அவனுக்குக் கிடைக்காத இடம். டன்மோர் கூட்டத்துக்கு நடுவில்.

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் வந்தன. ஹார்லன் திட்டவில்லை. எழுந்து நின்று டிவிக்குப் பக்கத்தில் போய்த் தன்னையே பார்த்தான்.

போனில் லடோனியா, "அதோ மிஸ் நாடீன், அந்த வலது பக்கம் பாருங்க, கோச்சுக்குப் பின்னால" என்று சொல்வது கேட்டது. பட்டென்று ஒரு அடிச் சத்தம். "என்னாச்சும்மா?" என்றான் ஹார்லன்.

"கையத் தட்டிவிட்டுட்டாங்க சார். அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேங்குறாங்க. பச்சைப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு மூஞ்சியா தேடுறாங்க சார்."

பின்னால் நாடீன் மஞ்சள் சட்டைக்காரர்களைச் சகட்டுமேனிக்குத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய எடு" என்றான் ஹார்லன்.

என் வண்டியில் புல்வெளிக்குப் பறந்தோம். வழக்கமாக இந்த நாளில் நடக்கவே வழி இருக்காது. கறிப்புகையும் பாட்டும் கூச்சலுமாக இருக்கும். அன்று தெரு முழுக்க ஒரு போலீஸ் வண்டி மட்டும் நின்றது. வேலிக்கு உள்ளே, தூரத்தில், நாலு பேர் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. என் வயதுக்கு நான் எத்தனையோ சாவு வீடு பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சத்தத்தை எங்கேயும் கேட்டதில்லை.

ஹார்லன் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள். கெல்சி என்று கழுத்து அட்டையில் இருந்தது. வடக்கு மாநிலத்துப் பேச்சு, எங்கள் பக்கத்துக்காரி இல்லை.

"சார், கத்தாதீங்க, நிகழ்ச்சி ஓடிட்டு இருக்கு."

"அம்மா, அந்த மஞ்சள்ல முதல் வரிசையில நிக்கிறது நான். நான் டன்மோர் இல்லம்மா. அது எங்க சட்டை, நூறாவது வருஷத்துச் சட்டை. என்னத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுடும்மா."

"நடுவுல மாத்த முடியாது சார். பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"பாக்குறவங்க யாருக்கும் வேணாம்மா. ஒரே ஒருத்திக்குத்தான்."

அவன் சொன்னான். இல்லம், மாடி அறை, கவிழ்த்து வைத்த போன், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். அந்தப் பெண்ணின் முகக்கவசத்துக்கு மேலே கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவளைத் திட்டத்தான் வந்தேன், முடியவில்லை. "மஞ்சளப் பாத்ததும் வச்சுட்டோம் சார். எங்களுக்குத் தெரியாது" என்றாள். "விளம்பரம் வரட்டும். மாத்துறேன்."

விளம்பரம் உடனே வந்துவிடவில்லை. ஒரு பேட்டி ஓடியது, இன்னொன்று ஓடியது. ஹார்லன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லும்மா, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லும்மா" என்று லடோனியாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். நாடீனின் சத்தம் வரவர அடங்கிக்கொண்டே வந்தது. திட்டும் இல்லை, ஆந்தையும் இல்லை.

கடைசியில் கெல்சி குனிந்து ஓடி, அட்டை ஹார்லனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பச்சைப் பக்கம் கொண்டுபோய் நட்டாள். திரும்பி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு மஞ்சள். அவன் சொன்னது சரிதான், தப்பவே தப்பாது. வேலிக்கு வெளியே இருந்தே பளிச்சென்று தெரிந்தது.

"லடோனியா! இப்பப் பாக்கச் சொல்லு! இடது பக்கம்!"

போனில் டிவிச் சத்தமே கேட்கவில்லை.

"லடோனியா?"

"சார்... டிவிய அணைக்கச் சொல்லிட்டாங்க சார். இப்பத்தான். நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். கைய நீட்டி நீட்டிக் காமிச்சாங்க. அணைச்சதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

"மறுபடி போடும்மா."

"போட்டுட்டேன் சார். திரும்ப மாட்டேங்குறாங்க."

ஹார்லன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் தன்னைப் பார்த்தான். பிறகு தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டினான். அந்த அட்டைக்கு அது முடியாதே.

அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று கேட்காதீர்கள். எனக்கு ஞாபகம் இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள விருப்பமும் இல்லை.

அடுத்த வாரம் அந்த மாடிக்கு நோய் வந்தது. நாடீன் அதிக நாள் தாங்கவில்லை. கூட இருந்தது லடோனியா மட்டும்தான். மைதானத்தில் நூறு பேர் ஒருவன் மூச்சுக்காற்றை ஒருவன் குடித்துக்கொண்டு மோதலாம். நாடீனின் அடக்கத்துக்கு மட்டும் பத்துப் பேருக்கு மேல் கூடாது. ஊரில் பாதிப் பேருக்குத் தலைமுடி வெட்டியவள் அவள். பாதிரியார் வழக்கமான பேச்சைப் பேசினார். நாடீன் மேலே இருந்து நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பக்கத்தில் நின்ற ஹார்லன் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"அவ எந்தப் பக்கம் பாப்பான்னு எனக்குத் தெரியும்டா. காலை முழுக்க நம்ம பக்கத்தையே பாத்தா. ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பல. நான் அங்க இருப்பேன்னு அவளுக்குத் தோணவே இல்ல. அவ்வளவு நம்பிக்கை." பிறகு, "நான் வரலன்னு நெனச்சுட்டுப் போயிட்டா" என்றான்.

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்துச் சொல்வது? பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான்.

ஆட்டப் பருவம் முடிந்து அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஹார்லனுடையதை நான்தான் போய் வாங்கினேன். அவன் அதைப் பார்க்க மாட்டேன் என்றான், எரிக்கவும் விடமாட்டேன் என்றான். என் கடையின் பின்னறையில், கரி மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

மறு வருஷம் கூட்டம் திரும்பி வந்தது. எங்கோ ஒரு கல்லூரியில் மேடை போட்டு, பின்னால் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். ஒன்றும் நடக்காதது போல. ஹார்லன் இப்போது எங்கும் போவதில்லை. சனிக்கிழமை காலையில் என் கடைக்கு வந்து டிவி முன்னால் உட்காருவான். காபியைத் திட்டுவதில்லை. அது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

போன சனிக்கிழமைதான் கவனித்தேன். மேடைக்கு இந்தப் பக்கம் உள்ளூர்க்காரர்கள் எல்லாம் பாட்டுப் பாடி அமர்க்களம் பண்ணிக்கொண்டிருக்க, இவன் அந்தப் பக்கம், மூலையில் ஒதுங்கி நின்ற எதிரணிக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முகமாக.

"என்னடா தேடுற?"

"எவனாச்சும் தப்பான பக்கத்துல நிக்கிறானான்னு பாக்குறேன்."

"இருந்தா?"

"அவன் வந்திருக்கான்னு ஒருத்தனுக்காவது தெரியட்டும்."

விளம்பரம் வந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை.